மார்கழியில் எடுக்க வேண்டிய படம்: கொழும்பு ஸ்டூடியோக்களின் குடும்பப் பக்கேஜ் எப்படி?

கொழும்பு காலி வீதி ஓரத்து ஸ்டூடியோக்களில் அவசர வேலை என்று வருவது பெரும்பாலும் செத்தவீட்டுப் படம்தான். யாரோ ஒருவர் கைத்தொலைபேசியை நீட்டுவார். அதில் ஒரு கல்யாணவீட்டுக் கூட்டம், இரண்டாம் வரிசையில் பாதி மறைந்தபடி அம்மா. அந்த முகத்தை வெட்டியெடுத்து, பக்கத்தில் நிற்பவரின் தோளை அழித்து, பின்னேரத்துக்குள் கண்ணீர் அஞ்சலிப் பதாகைக்கு ஏற்ற அளவில் கொடுக்க வேண்டும். அதுவும் கிடைக்காவிட்டால் அடையாள அட்டைப் படம். 31ஆம் நாள் கல்வெட்டுப் புத்தகத்தின் அட்டையிலும் அதே முகம்தான் ஏறும்.

அம்மாவை இருத்தி வடிவாக ஒரு படம் எடுக்க வேணும் என்ற எண்ணம் அந்த வீட்டிலும் இருந்திருக்கும். பென்சன் எடுத்த பிறகு, எல்லாரும் வந்து நிற்கும்போது, ஆறுதலாக என்று தள்ளிப்போயிருக்கும். கணக்குப் பார்த்தால் அந்த நாள் வருவது கஷ்டம். இலங்கையில் அரச வேலையிலும் தனியார் வேலையிலும் இளைப்பாறும் வயது இப்போது பொதுவாக 60. நீங்கள் 60இல் வீட்டுக்கு வரும்போது அம்மாவுக்கு 85 தாண்டியிருக்கும். பிள்ளைகளில் ஒன்று மெல்பேர்னில், மற்றது ஸ்காபரோவில். மூன்று தலைமுறையும் தங்கள் தங்கள் காலில் நடந்து ஒரே அறைக்குள் வரக்கூடிய வருடங்கள், நீங்கள் 40க்கும் 50க்கும் நடுவில் லீவு எடுக்கவே நேரமில்லாமல் ஓடும் அதே வருடங்கள்தான்.

அதனால் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கத்து ஸ்டூடியோக்கள் விற்கும் ‘குடும்பப் பக்கேஜ்’ காசுக்குப் பெறுமதியா என்று பார்ப்பது பிரயோசனமானது. பக்கேஜின் உள்ளடக்கம் கடைக்குக் கடை பெரிதாக மாறாது: ஒரு மணித்தியாலம், திருத்திய படங்கள் பத்தோ பதினைந்தோ, சட்டம் போட்ட பெரிய பிரிண்ட் ஒன்று, சின்னப் பிரிண்டுகள் சில. விலை வித்தியாசம் முக்கால்வாசியும் சட்டத்திலும் அல்பத்திலும்தான் இருக்கிறது. படத்தின் தரத்தைத் தீர்மானிப்பது விலைப்பட்டியலில் இல்லாத ஒன்று: அறையின் நீளம்.

வாசலில் ‘கடவுச்சீட்டுப் படம் எடுக்க அனுமதி பெற்றது’ என்ற பலகையைக் கண்டு நல்ல இடம் என்று முடிவுகட்டுபவர்கள் அதிகம். குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் கொடுக்கும் அந்த அனுமதி, ஒரு ஆளின் முகத்தை நேராக, நிழல் விழாமல் எடுப்பதற்கானது. கமராவுக்கும் ஸ்டூலுக்கும் நடுவில் ஐந்தாறு அடி போதும். அந்த வேலைக்காகவே அளவெடுத்த அறைக்குள் பத்துப் பேரை நிறுத்தும்போதுதான் சிக்கல்.

பத்துப் பேர், இரண்டு வரிசை என்று வையுங்கள். முன்னால் நாலு பேர் இருக்க, பின்னால் ஆறு பேர் நிற்கிறார்கள். தோளோடு தோள் சேர்த்தால் ஆறு பேருக்கு 9 அடி. இரு பக்கமும் கொஞ்சம் வெறுமை விட்டால் படத்தின் அகலம் 11 அல்லது 12 அடி. முழு அளவு சென்சர் கமராவில் 50 மி.மீ. லென்ஸ் போட்டு இந்த அகலத்தைப் பிடிக்க, கமரா 16 அடி தள்ளி நிற்க வேண்டும். குழு நிற்கும் ஆழம் 3 அடி, பின்திரையில் நிழல் விழாதிருக்க இன்னொரு 4 அடி, படம் எடுப்பவர் நிற்க 2 அடி. மொத்தம் 25 அடி. அறை 16 அடிதான் என்றால் லென்ஸ் அகலப் பார்வையுள்ள 22 மி.மீ. வரை இறங்க வேண்டும். அப்போது நடுவில் இருக்கும் அப்பப்பா சரியாக இருப்பார். ஓரத்தில் நிற்கும் மாமியின் முகமும் கையும் பக்கவாட்டில் இழுபட்டு, ஆள் பருத்ததுபோல் வருவார். மாமி படத்தைப் பார்த்துவிட்டுத் தன்னைத்தான் நொந்துகொள்வார். பிழை மாமியில் இல்லை.

ஆகவே போனில் முதல் கேட்க வேண்டியது விலை அல்ல. “உங்கட அறை எத்தனை அடி நீளம்? பத்துப் பேரை எந்த லென்ஸில எடுப்பீங்கள்?” இரண்டாவது கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்பவரிடம் பாதிப் பிரச்சினை முடிந்தது. “எவ்வளவு பேரெண்டாலும் எடுக்கலாம்” என்ற பதில் கிடைத்தால் அடுத்த கடைக்கு எடுங்கள்.

பின்திரையையும் கேளுங்கள். ஸ்டூடியோக்களில் வழமையான காகிதச் சுருள் ஏறத்தாழ 9 அடி அகலம். ஆறு பேர் நிற்கும் வரிசைக்கு அது காணாது. மிச்சத்தைக் கணினியில் நீட்டுவார்கள். நீட்டும்போது ஓரத்து ஆளின் முழங்கை மெல்ல வளையும். சேலைக்கரை அலைபோல் நெளியும். வெள்ளைச் சுவரே உள்ள அறை, வண்ணத்திரை உள்ள அறையைவிட நல்லது. நீர்வீழ்ச்சியும் சுவிஸ் மலையும் வரைந்த திரை இன்னும் சில இடங்களில் தொங்குகிறது. அது வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை.

லென்ஸின் துவாரம் எஃப் 8 அளவில் இருந்தால் இரண்டு வரிசையும் கூர்மையாக வரும். கல்யாணப்பெண்ணைத் தனியே எடுத்துப் பழகியவர்கள் பின்னணி மங்க வேண்டுமென்று துவாரத்தை அகலத் திறந்து எஃப் 1.8இல் வைத்துவிடுவார்கள். கைத்தொலைபேசியில் பார்க்கும்போது எல்லாம் சரியாகத் தெரியும். 18 அங்குலத்துக்குப் பெருப்பித்துச் சுவரில் மாட்டினால்தான் பின்வரிசை கொஞ்சம் கலங்கியிருப்பது கண்ணில் படும்.

கண் மூடும் பிரச்சினைக்கு ஒரு வேடிக்கையான கணக்கு இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் அரச அறிவியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த இருவர், ஒரு குழுவில் ஒருவரும் கண் மூடாத படம் கிடைக்க எத்தனை தடவை எடுக்க வேண்டும் என்று கணக்கிட்டு, 2006இல் சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு வாங்கினார்கள். 20 பேருக்குக் குறைவான குழுவென்றால் ஆட்களின் எண்ணிக்கையை மூன்றால் பிரியுங்கள். வெளிச்சம் குறைவென்றால் இரண்டால். பன்னிரண்டு பேருக்கு நாலு படம். அந்தக் கணக்கு கண் சிமிட்டலுக்கு மட்டும். இரண்டு வயதுப் பேரன் அப்பம்மாவின் மூக்குத்தியைப் பிடுங்கப் போவதை எந்தச் சூத்திரமும் அடக்காது; அதனால் பதினைந்து எடுப்பவரே கெட்டிக்காரர். ஐந்து எடுத்துவிட்டு “ஓகே” என்று திரையைப் பார்க்கத் தொடங்குபவரை இன்னும் எடுக்கச் சொல்லுங்கள்.

மூக்குக் கண்ணாடி இன்னொரு தொல்லை. விளக்குக் குடை கண்ணாடியில் வெள்ளைச் சதுரமாக விழுந்து அப்பப்பாவின் கண்ணை மறைக்கும். கழற்றச் சொல்லக் கூடாது. முப்பது வருடமாகக் கண்ணாடியோடு இருந்த முகம் அது இல்லாமல் வேறு ஆளாகிவிடும். விளக்கை ஒரு அடி உயர்த்தி, கண்ணாடிக் காலைக் காதுக்கு மேல் ஒரு நூல் தூக்கிவிட்டால் வில்லை கீழ்நோக்கிச் சாயும், வெள்ளை மறையும். வெயிலில் கறுக்கும் வில்லை என்றால், ஓட்டோவில் வந்து இறங்கிய கையோடு எடுக்காமல் பத்து நிமிடம் உள்ளே இருத்துங்கள்.

இந்தச் சேவையின் ஆகப் பலவீனமான இடம் திருத்தம். கேட்காமலே எல்லாரையும் வெளுப்பாக்குவார்கள். தோலின் நிறம் இரண்டு படி ஏறும், சுருக்கம் அழியும், மூக்குக்குப் பக்கத்து மச்சம் காணாமல் போகும். எண்பது வயது அம்மம்மா நெற்றிக் கோடு ஒன்றும் இல்லாமல், மெழுகுப் பொம்மையின் கன்னத்தோடு வந்து நிற்பார். அந்த வயதில் அவருடைய முகமே அந்தக் கோடுகள்தான். இதில் ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு: வெள்ளை வேட்டியும் கறுத்த தோலும் ஒரே படத்தில் இருக்கும்போது வெளிச்சத்தை வேட்டிக்குச் சரிபார்த்தால் முகம் இருளும். அதை விளக்கை நகர்த்திச் சரிசெய்யாமல் கணினியில் முகத்தை மட்டும் தூக்குவதால்தான் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம் என்று வருகிறது. முற்பணம் கட்டும்போதே பற்றுச்சீட்டில் எழுதுவியுங்கள்: நிறம் மாற்ற வேண்டாம், சுருக்கம் எடுக்க வேண்டாம், பருவும் தூசியும் மட்டும் எடுக்கலாம். வாயால் சொன்னால் போதாது. திருத்துபவர் வேறு ஆள், பெரும்பாலும் வேறு இடத்தில் இருப்பார்.

உடுப்பு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாரும் ஒரே நிறம் போட்டால் ஏதோ நிறுவனத்தின் ஆண்டு விழாப் படம் போலிருக்கும். கிளிப்பச்சைச் சேலை தாடைக்குக் கீழே பச்சை வெளிச்சம் அடிக்கும். நெருங்கிய கோடு போட்ட சேர்ட் கமராவில் நெளிநெளியாகத் தெரியும். இந்த இரண்டையும் தவிர்த்தால் போதும்.

எப்போது எடுப்பது என்பதில்தான் கொழும்புத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வந்து நிற்பது டிசம்பர் கடைசியில், அல்லது ஜூலை, ஆகஸ்டில். டிசம்பர் நடுவில் மார்கழி பிறந்துவிடும். ஜூலை நடுவில் ஆடி. இரண்டு மாதமும் சைவக் கல்யாணம் இல்லை. தமிழ்க் கல்யாணங்களையே நம்பியிருக்கும் படப்பிடிப்பாளருக்கு அந்த நாட்களில் கை ஓய்ந்திருக்கும். நேரமும் கிடைக்கும், விலையும் பேசலாம். ஆவணியிலும் தையிலும் அதே ஆளைப் பிடிக்க முடியாது. ஞாயிறு பின்னேரம் நாலரை தொடக்கம் ஆறு வரை இராகுகாலம் என்பதால் அந்த நேரத்தை நம்மவர்கள் கேட்பது குறைவு. அதைப் பெரிதாக எடுக்காத வீடு என்றால் கூட்டமில்லாமல் எடுக்கலாம். அம்மம்மா இராகுகாலம் பார்ப்பவரென்றால் விட்டுவிடுங்கள். முகம் முழுக்க அந்த மனக்குறை படத்தில் தெரியும்.

சின்னப் பிள்ளைகள் இருந்தால் காலை பத்து மணி. நித்திரை முடிந்து, சாப்பிட்டு, இன்னும் சினக்காத நேரம். எடுக்கும் ஒழுங்கும் முக்கியம். முழுக்குடும்பப் படத்தை முதல் பத்து நிமிடத்துக்குள் முடித்துவிட வேண்டும். அடுத்தது மூத்தவர்கள் இருவர் மட்டும், பிறகு அவர்களோடு பேரப்பிள்ளைகள், அதன் பிறகு ஒவ்வொரு குடும்பமாக. பல ஸ்டூடியோக்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன: தனித்தனிப் படம் முதலில், எல்லாரும் கடைசியில். அப்போது பிள்ளை அழுகிறது, அப்பப்பாவுக்குக் கால் கடுக்கிறது, ஏசிக் குளிரில் அம்மம்மா சால்வை கேட்கிறார்.

மூத்தவர்களை எங்கே இருத்துகிறார்கள் என்று கவனியுங்கள். சோபா என்றால் உடனே மாற்றச் சொல்லுங்கள். சோபாவில் இருப்பு பள்ளமாகி முழங்கால் மேலெழும், உடல் பின்னால் சரியும், சேலை மடிப்பு கலையும், எழும்ப இருவர் தூக்க வேண்டும். 18 அங்குல உயரமுள்ள கெட்டியான மரக் கதிரை போதும். அதன் முன்பாதியில் இருத்தி, முதுகுக்கு ஒரு தலையணை வைத்தால் முதுகு நேராகும். நல்ல படப்பிடிப்பாளர் கமராவுக்குப் பின்னாலிருந்து கத்தமாட்டார். கிட்ட வந்து குனிந்து, “அம்மம்மா, கையை மடியில வையுங்கோ, மோதிரம் தெரியட்டும்” என்பார். அந்த ஒரு வசனத்தோடு தோளிரண்டும் தளர்ந்து இறங்கும்.

காலி வீதியில் பல ஸ்டூடியோக்கள் மேல்மாடியில் இருக்கின்றன. ஒடுங்கிய படி, ஒரு பக்கம்தான் கைபிடி. லிஃப்ட் இருக்கிறதா, எத்தனை படி என்று கேட்காமல் முற்பணம் கட்டாதீர்கள். ஏற முடியாதென்றால் வீட்டுக்கு வந்து எடுக்கும் சேவையைக் கேளுங்கள். காசு கொஞ்சம் கூட எடுப்பார்கள், ஆனால் பெறும். ஒரேயொரு எச்சரிக்கை: தொடர்மாடி வீட்டு முன்னறைக்குள் பத்துப் பேருக்கு அந்த 25 அடி கிடையாது. பெரிய குழுவை மொட்டைமாடியிலோ கீழே வாகனம் நிறுத்தும் இடத்திலோ எடுத்துவிட்டு, வீட்டுக்குள் சின்னப் படங்களை எடுங்கள். அம்மம்மா குசினியில் தேங்காய் திருவுவது, சாமியறை விளக்கேற்றுவது, பேத்திக்குத் தலை பின்னுவது. ஸ்டூடியோவால் தர முடியாதவை இவை.

வெளியில் எடுப்பதென்றால் காலிமுகத்திடல் காலை ஏழு மணிக்கு. கடல் மேற்கே இருப்பதால் காலையில் வெயில் முகத்தில் விழும், பின்னால் கடல் நீலமாக நிற்கும். பின்னேரம் போனால் சூரியன் கடல் பக்கம், முகமெல்லாம் கறுப்பு. காற்றுக்குச் சேலையை ஊசி குத்தி வையுங்கள். விகாரமகாதேவிப் பூங்காவில் மரநிழல் முகத்தில் புள்ளிபுள்ளியாக விழாத இடமாகப் பார்க்க வேண்டும். சுதந்திர சதுக்கத்தில் தொழில்முறைக் கமராவோடு போவதென்றால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

வராத ஆளை ஒட்டித்தருவோம் என்று எல்லா ஸ்டூடியோவும் சொல்லும். கனடாவில் நிற்கும் மகன், போய்விட்ட அப்பப்பா. பெரும்பாலும் இது கெட்டுப்போவதற்குக் காரணம் வெளிச்சத்தின் திசை. குழுவுக்கு இடமிருந்து விளக்கு, மகனின் கைத்தொலைபேசிப் படத்துக்குத் தலைக்கு மேல் மின்குமிழ். மூக்கு நிழல் இரண்டும் இரண்டு பக்கம் விழுந்தால் எவ்வளவு திருத்தினாலும் ஒட்டுப்போட்டது தெரியும். செய்யத்தான் வேண்டுமென்றால் முதலே திட்டமிடுங்கள். குழுவில் அவருக்கு ஒரு இடைவெளி விட்டு எடுங்கள். அவரை அங்கே யன்னல் ஒன்று இடப்பக்கம் இருக்கும்படி, கமரா நெஞ்சளவு உயரத்தில், பத்தடிக்கு மேல் தள்ளி நின்று எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இல்லாத அப்பப்பாவுக்கு இந்த வித்தை தேவையில்லை. சுவரில் இருக்கும் அவருடைய படத்தைச் சட்டத்தோடு கொண்டுபோய் அம்மம்மாவின் மடியில் வைத்து எடுப்பதே அழகு. சட்டக் கண்ணாடியை மட்டும் கழற்றிவிட்டு வையுங்கள், விளக்கு தெறிக்கும்.

பிரிண்டும் சட்டமும் வரும்போது அடுத்த வெட்டு விழும், உண்மையான வெட்டு. கமராப் படம் மூன்றுக்கு இரண்டு விகிதம். 8க்கு 12, 12க்கு 18 சரியாகப் பொருந்தும். பக்கேஜில் 8க்கு 10 அல்லது 16க்கு 20 சட்டம் என்றால் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். போவது ஓரத்து ஆளின் கை. சட்ட அளவை முதலே கேட்டு, அந்த அளவுக்கு இரு பக்கமும் இடம் விட்டு எடுக்கச் சொல்ல வேண்டும். 24 மெகாபிக்சல் கமராவின் 6000க்கு 4000 புள்ளிகள் 12க்கு 18 அங்குலத்துக்குத் தாராளம். அதற்கு மேல் பெரிதாக்கச் சொல்லித் தூண்டினால் சட்ட வியாபாரம் என்று புரிந்துகொள்ளுங்கள்.

கண்ணாடியும் படமும் தொட்டுக்கொண்டிருக்கும் சட்டத்தை வாங்காதீர்கள். கொழும்பு ஈரத்தில் சில வருடத்தில் படம் கண்ணாடியில் ஒட்டிப்பிடிக்கும். பிரித்தால் முகம் கண்ணாடியோடு போகும். நடுவில் தடித்த அட்டை விளிம்பு வைத்து இரண்டு மூன்று மி.மீ. இடைவெளி விடச் சொல்லுங்கள். கடற்கரை வீதிப் பக்கத்து வீடென்றால் உப்புக்காற்று கொளுக்கியையும் ஆணியையும் தின்னும். துருப்பிடிக்காத கொளுக்கி கேளுங்கள், மேற்கு யன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டாதீர்கள்.

படக்கோப்புகளை வட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டு திருப்திப்படுவது இன்னொரு பிழை. சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, 6 அங்குலப் பிரிண்டுக்கு மேல் தாங்காது. வெட்டாத, முழு அளவு ஜேபெக் கோப்புகளைப் பென் டிரைவில் வாங்கி, அங்கேயே ஒன்றைத் திறந்து அளவைப் பாருங்கள். எத்தனை மாதம் வைத்திருப்பீர்கள் என்றும் கேளுங்கள். இடம் நிறைந்தால் அழிப்பார்கள். பென் டிரைவை நம்பி இருக்காமல் அன்றிரவே இன்னொரு பிரதி ஸ்காபரோவுக்கும் மெல்பேர்னுக்கும் போகட்டும்.

கடைசி வேலை ஸ்டூடியோவுடையது அல்ல. சட்டத்தின் பின்பக்கத்தில் ஒரு வெள்ளை லேபல் ஒட்டி, இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதுங்கள். படத்தின் முதுகிலேயே எழுதக் கூடாது: அந்தப் பிளாஸ்டிக் பூச்சில் பென்சில் பிடிக்காது, குமிழ்முனைப் பேனா முன்பக்கம் தழும்பாகத் தெரியும், ஜெல் மை அடுத்த படத்தில் ஒட்டும். அம்மம்மா பக்கத்தில் இருக்கும்போதே எழுதுங்கள், பெயரை அவர் சொல்லட்டும். ‘அம்மம்மா’ என்று எழுதாதீர்கள். படத்தில் இருக்கும் குழந்தையின் பிள்ளைக்கு அது யாருடைய அம்மம்மா என்று தெரியாது. முழுப்பெயர், பிறந்த ஊர், எடுத்த திகதி.